ஆஸ்பெரோ என்றொரு சொல்

ஸ்பெயின் தேசத்துச் சொல் ஒன்று வெண்ணாங்குப்பத்துக்கு வந்து சேர்ந்தது ஷூ கம்பெனி வேனில்தான், அதுவும் ஏ.சி. வேலை செய்யாத வேனில், இனேஸ் என்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தது. பாலாற்றங்கரை ஊர் அது; ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம், ஊருக்குள் மணலைவிடத் தோல் வாடை அதிகம், அந்த ஊர்க்காரர்கள் செய்கிற ஷூக்களைப் போட்டுக்கொண்டு கடல் தாண்டி யார் யாரோ எங்கெங்கோ நடக்கிறார்கள், ஊர்க்காரர்கள் ரப்பர் செருப்பில் நடக்கிறார்கள். அதில் அவர்களுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஷூ போட்டுக்கொண்டு ஆற்று மணலில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமையின் லட்சணம் தெரியும்.

கம்பெனியில் கிருபாவதிக்கு ரஃபிங் வேலை. அச்சில் ஏற்றிய ஷூவின் அடி ஓரத்தை, சுற்றிக்கொண்டே இருக்கிற கம்பி பிரஷ்ஷில் காட்டி, தோலின் பளபளப்பைச் சுரண்டி, சொரசொரப்பாக்கி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் பசை பிடிக்கும், அடிப்பாகம் ஒட்டும். வழவழவென்று இருக்கிற தோலில் எத்தனை பசையைத் தடவினாலும் ரெண்டு மழைக்குள் வாயைப் பிளந்துவிடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கிருபாவுக்கு இதே வேலை, இதே மேசை, மூக்கைச் சுற்றிக் கட்டிய இதே துணி.

இனேஸ் தரம் பார்க்க வந்தவள். தரம் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவளோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கிருபாவின் மேசையோரம் உட்கார்ந்தவள், சோற்று நேரத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிரஷ்ஷிலிருந்து வந்த ஷூவை வாங்கி, ஓரத்தில் விரலை ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "ஆஸ்பெரோ" என்றாள்.

பக்கத்து மேசை ஷமீமா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்றா அவ?"

"எனுக்கு இன்னாடி தெரியும். திட்ற மாதிரி இல்ல."

இனேஸ் கிருபாவின் விரலைப் பிடித்து அந்த ஓரத்திலேயே வைத்து இன்னொரு முறை சொன்னாள். மேசைமேல் கிடந்த உப்புத்தாளைத் தொட்டுச் சொன்னாள், சாக்குப் பையைத் தொட்டுச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் லோகநாதன் கத்திக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். கத்தாமல் அவர் எங்கேயும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இனேஸ் அவர் முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி, காற்றைத் தடவுவதுபோலத் தடவி, "ஆஸ்பெரோ" என்று கண்ணைச் சிமிட்டினாள். செக்‌ஷனே சிரித்தது.

"அட, மனுசனுக்கும் தோலுக்கும் ஒரே வார்த்தையாக்கா!"

"நம்ம மட்டும் இன்னாவாம். முரட்டுத் துணின்றோம், முரட்டு ஆளுன்றோம். எல்லா ஊர்லயும் அதே கததான்" என்றாள் கிருபா.

அவளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. வாயில் போட்டால் முதலில் வழுக்கிக்கொண்டு போய், நடுவில் ஒரு இடத்தில் நாக்கை லேசாக உரசிவிட்டு, கடைசியில் உருண்டு விழுந்தது. இனேஸ் ஊருக்குத் திரும்புகிறவரை கிருபா அதைப் புளிப்பு மிட்டாய் மாதிரி வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு "சொரசொரப்பு" என்று கற்றுக்கொடுத்தாள், பாவம் இனேஸ், அவளால் "சொர" வரைக்கும்தான் வர முடிந்தது.

இந்தச் சொல்லை உருட்ட உருட்ட கிருபாவுக்கு ஞாபகம் வந்தது லோகநாதன் இல்லை, அவள் புருஷன் ஏசுரத்தினம். ஏசுரத்தினத்துக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி. மண்டிக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புக்கும் நடுவில் பச்சைத்தோல் ஏற்றி இறக்குவது தொழில். ஒரு காலத்தில் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். பாலாற்றில் யாரும் நினைத்துப் பார்க்காத வெள்ளம் வந்த வருஷம், ஊரே கரைக்கு ஓடியபோது, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "போடா, நீயும் போய்ப் பாத்துட்டு வா, உன் ஆயுசுல இந்தத் தண்ணிய இன்னொரு வாட்டி பாக்க மாட்ட" என்று மகனை அனுப்பி வைத்தார். மகன் பெயர் ரூபன், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், ஒரே பிள்ளை. அவன் நின்ற இடத்தில் கரை பெயர்ந்து விழுந்தது. மணலுக்குள்ளிருந்து அவனை எடுத்துக்கொண்டு வந்து போட்டபோது ஏசுரத்தினம் அழவில்லை, தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே நின்றுவிட்டது அவர் குரல்.

அதற்கப்புறம் அவர் பேசினால் கேட்கிறவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். அவர் பக்கத்தில் உரசிப்போனால் கிருபாவின் புடவையில் நூல் பிரிந்தது, அவர் படுத்த பாய் ரெண்டு மாசத்தில் நார்நாராகப் போயிற்று, தெரு நாய்கூட அவர் காலில் மூக்கை வைத்துவிட்டு மூக்கை நக்கிக்கொண்டு ஓடியது. ஊர் வழக்கப்படி அவள் அவரை "ரூபன் அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். "அப்டிக் கூப்டாத, பல்ல ஒடச்சிடுவேன்" என்றார். அன்றிலிருந்து அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஏங்க, இதோ, இங்க பாருங்க என்று காற்றைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிருபாவுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. ரூபனைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும். அவன் இட்லிக்குச் சர்க்கரை கேட்டு அழுததை, பல் விழுந்தபோது கூரைமேல் எறியாமல் முழுங்கிவிட்டதை, வண்டியில் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடித்ததை, இதையெல்லாம் கேட்டால் "ஆமாமே, ஆமா" என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆள்தான் உலகத்தில் மிச்சம் இருந்தார். அந்த ஆளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது.

இனேஸ் போன மறுநாள் சாயங்காலம், சொல்லைச் சொல்லிப் பார்க்கலாமே என்று, வீட்டுக்குப் பின்னால் பூசாமல் விட்டிருந்த செங்கல் சுவரில் கிருபா உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "ஆஸ்பெரோ" என்றாள். கையை எடுத்தபோது, கை எட்டிய மட்டும் சுவர் கோழிமுட்டை மாதிரி வழவழவென்றிருந்தது. காலடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் தூள். கிருபா அந்தத் தூளைக் கூட்டி அள்ளி ஒரு ஓரமாகக் கொட்டிவிட்டு, உலையில் அரிசி போட நேரமாகிவிட்டதே என்று உள்ளே போனாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் ஷமீமாவுக்குத் தெரிந்தது, மதியத்துக்குள் செக்‌ஷனுக்குத் தெரிந்தது, வெள்ளிக்கிழமைக்குள் வெண்ணாங்குப்பத்தில் பேசத் தெரிந்த அத்தனை பேருக்கும் ஸ்பெயின் தேசத்து வார்த்தை ஒன்று தெரிந்திருந்தது. பித்தவெடிப்பு வந்த குதிகால்களில் கையை வைத்துச் சொன்னார்கள், தூள் உதிர்ந்து குதிகால்கள் பிறந்த குழந்தையின் காலாயின. தாடி மழிக்கச் சோம்பல்பட்ட கிழவர்கள் சொன்னார்கள், கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்காதவர்கள் களியைத் தொட்டுச் சொன்னார்கள், பள்ளிக்கூடச் சட்டை கழுத்தை அறுக்கிறதென்று பிள்ளைகள் காலரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஆயர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், இது நல்லதா கெட்டதா என்று தனக்கு இன்னும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வேதாகமத்தை வைக்கிற மேசையின் சிலாம்பு தன் கையைக் கிழிப்பதாகச் சொல்லி, அதன்மேல் கையை வைத்துச் சொல்லிக்கொண்டார். பள்ளிவாசலில் ஹாஜியாரைக் கேட்டார்கள். வார்த்தைதானே, வார்த்தை நல்ல வார்த்தையா என்று மட்டும் பாருங்கள் என்றார். நல்ல வார்த்தைதான் என்று எல்லாருக்கும் பட்டது. உதிர்ந்த தூளை வாரி வாரிச் சட்டியிலும் கோணியிலும் கொண்டுபோய்ப் பாலாற்றில் கொட்டினார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கஷ்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தீப்பெட்டியில் குச்சி பற்றவில்லை. கரும்பலகையில் சாக்பீஸ் எழுதவில்லை, வாத்தியார் காற்றில் எழுதிக் காட்ட, பிள்ளைகள் காற்றைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். சுவரிலிருந்து பல்லிகள் சொத்துச் சொத்தென்று விழுந்ததால் பல்லி விழும் பலன் பார்ப்பதையே ஊர் நிறுத்திக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மி அரைக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி அம்மியில் கையை வைத்துச் சொல்லித் தொலைக்க, மிளகாய் முழுசாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிப்போய் விழுந்தது. கறிக்குழம்புக்கு மிக்சியில் அரைத்தால் ருசி வராது என்கிற ஊர் அது. அம்மி கொத்துகிற புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர், அந்தத் தெருக்களையே மறந்துபோனவர்கள், உளியும் சுத்தியுமாகத் திரும்பி வந்து வீடு வீடாக உட்கார்ந்து, டொக்கு டொக்கென்று கல்லுக்கு மறுபடியும் பல் வைத்தார்கள். அம்மி, படிக்கட்டு, வண்டி டயர் இந்த மூன்றின் மேலும் யாரும் கை வைக்கக்கூடாது என்று பஸ் ஸ்டாப்பில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். அத்தோடு ஊருக்கு அது ஒரு அதிசயமாகவே இல்லாமல் போயிற்று; கரண்ட் வந்தபோது கரண்ட்டைப் பழகிய மாதிரி இதையும் பழகிக்கொண்டார்கள்.

கல்லுக்கு விதி வைத்த கூட்டத்தில் மனுஷருக்கு விதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. லோகநாதனின் தோளில் கொசு அடிக்கிற மாதிரி கையை வைத்து ஷமீமாதான் சொன்னாள். அரைச்சட்டி தூள் உதிர்ந்தது. மறுநாளிலிருந்து லோகநாதன் கத்தவில்லை, "பாத்து செய்யுங்கம்மா, அவசரமே இல்ல" என்று சிரித்தார், பெண்கள் கேக் வாங்கி வெட்டினார்கள். அந்த மாசமே முதலாளி சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். முன்பென்றால் லோகநாதன் கண்ணாடி அறைக்குள் போய்க் கத்துகிற கத்தலில் கண்ணாடி அதிரும். எத்தனையோ தரம் அப்படித்தான் அவர்களுக்குக் கக்கூஸ் வந்தது, மின்விசிறி வந்தது, பிள்ளை பெற்றவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இப்போது அவர், "அவுங்களும் பாவம்தானேம்மா" என்றார்.

"யக்கா, எச்சில் தெறிக்கத் திட்டுனாலும் அந்தாளு நம்ம ஆளா இருந்தாரு" என்றாள் ஷமீமா, சோற்றை அவசரமாக விழுங்கிக்கொண்டே.

கிருபா அதைக் கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள். சொரசொரப்பு இல்லாவிட்டால் எதுவும் எதனோடும் ஒட்டாது என்று அந்தக் கம்பெனியில் அவளைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. தெரிந்துகொண்டே செய்தாள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடம். ஆனாலும் அவள்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ரூபன் பிறந்தநாள். சர்ச்சுக்குப் போய் வந்து கிருபா சேமியா பாயசம் வைத்தாள், முந்திரி கொஞ்சம் தாராளமாகவே போட்டு. ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னா விசேசம்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"கேக்கறேன் இல்ல. வாயத் தொறந்து சொல்லு."

"ரூபன் பொறந்தநாளு."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பின்பக்கச் சாக்கடையில் பாயசம் விழுகிற சத்தம் கேட்டது. "செத்தவனுக்கு இன்னாமே பொறந்தநாளு? இன்னொரு வாட்டி அந்தப் பேர இந்த வூட்ல எடுத்த, உன்னையும் அங்கயே கொண்டுபோய்ப் பொதச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெயில் கொளுத்துகிற மதியம். கொஞ்ச நேரத்தில் மல்லாந்து புரண்டார், குறட்டை வந்தது, அதுவும் ரம்பம் அறுக்கிற குறட்டை.

கிருபா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லானாலும் கணவன் என்று பாடம் சொன்னவர்கள் யாரும் கல்லோடு ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சூண்டு போதும், நாக்குமேல் இருக்கிறது மட்டும் போனால் போதும், ஒரே ஒரு தரம் உட்கார்ந்து பேசினால் போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

தூள் விழுந்தது. செங்கல் தூளைப் போல இல்லை, சுடச்சுட இருந்தது, அதில் ஆற்றுத் தண்ணீர் வாடை அடித்தது. முறத்தில் வாரினாள், முறம் நிறைந்தது. பக்கெட்டை இழுத்து வைத்தாள், பக்கெட்டும் நிறைந்து வழிந்தது. எந்த நிமிஷத்திலும் அவள் கையை எடுத்திருக்கலாம், யாரும் அவள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே அவர் நெஞ்சு கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இளகிக்கொண்டு வந்தது, அந்த இளக்கத்தை விட்டு எப்படிக் கையை எடுப்பது? கடைசித் தூளும் உதிர்ந்து முடிந்தபோதுதான் எடுத்தாள். பக்கெட்டைச் சுமந்துகொண்டு போய், ஊரார் கொட்டிய மேட்டிலேயே கொட்டிவிட்டு வந்தாள்.

ஏசுரத்தினம் விழித்தார். அவளைப் பார்த்தார். "கிருபா, சாப்ட்டியா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து அவர் பதறிப்போய், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முந்தானையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். மறுநாள் மண்டியிலிருந்து வரும்போது மல்லிப்பூ வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் கீரை ஆய்ந்து கொடுத்தார். தெரு நாய் அவர் காலடியில் வந்து படுத்தது. சண்டை சச்சரவில்லாமல், இரைச்சலில்லாமல் நாள்கள் நகர்ந்தன, "கிருபாவதிக்கு வந்த வாழ்வப் பாரு" என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள். இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நல்ல பண்டத்தைக் கடைசியாகச் சாப்பிடலாம் என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற பிள்ளைபோல அவள் அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒரு நாள் தைரியம் வந்து, சமையல்கட்டிலிருந்து, "ரூபன் அப்பா, சோறு ஆறிப்போவுது" என்று கூப்பிட்டாள். பல்லை உடைக்க யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். ஏசுரத்தினம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரைக் கூப்பிடுகிறாள், யாராவது வந்திருக்கிறார்களா என்று. யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "கேக்கணும்னே இருந்தேன் கிருபா, யாரு இந்தப் புள்ள? உன் தம்பியா? மூக்கு உன் மூக்காவே கீது" என்றார்.

கிருபாவின் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார், கண் கலங்கினார், "ஐயோ, பாவமே, பாவமே" என்றார். அவள் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதே படத்துக்கு முன்னால் நின்று, "நல்ல முகக்களையான புள்ள, யாரு?" என்றார்.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கலங்கினார். மறுபடியும் கேட்டார். தினமும் சொன்னாள், தினமும் அது அவர்மேல் விழுந்து, ஓடி, வழுக்கிக்கொண்டு போயிற்று. எத்தனையோ ஆயிரம் ஷூக்களுக்குச் சுரண்டிக் கொடுத்தவளுக்கு இது விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பையனை ஆற்றுக்கு அனுப்பியது தான்தான் என்கிற அந்த ஒரு நினைப்புதான் மனுஷனை அப்படி முரடாக்கி வைத்திருந்தது, அந்த முரட்டில்தான் பையன் ஒட்டிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லாதே என்று அவர் அடித்துக்கொண்டதெல்லாம் அந்தப் பெயரை விட முடியாமல்தான். அது தெரியாமலா இருந்தாள்? தெரியும். தெரிந்தும் வலி பொறுக்காமல் கை வைத்தாள்.

ஆற்றுக்கு ஓடினாள். ஊராரின் தூளெல்லாம் ஒன்றாகக் கலந்து, மேடு மேடாக, மணலோடு மணலாகக் கிடந்தது. ஆற்று வாடை அடித்த இடமாகப் பார்த்து ஒரு பை அள்ளிக்கொண்டு வந்து, அவர் நெஞ்சில் தேய்த்தாள். ஏசுரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்து, "குழம்புல உப்ப அள்ளிக் கொட்டிக்கீறியே, உங்காத்தா வூட்டு உப்பாடி?" என்று கீச்சுக் குரலில் கத்தினார். அது யாரோ ஒருத்தியின் மாமியாருடைய தூள். ஒரு நாழிகைக்குள் அதுவும் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, அவர் மறுபடியும் சிரித்தார். அம்மி கொத்துகிறவன் அந்த வழியாகப் போனபோது, மனுஷனைக் கொத்துகிற உளி ஏதாவது உண்டா என்று வெட்கத்தைவிட்டுக் கேட்டாள். "யம்மா, கல்லுன்னா பல்லு வச்சுக் குடுப்பேன். மனுசனுக்கு ஆண்டவன்தான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

அடுத்த சீசனுக்கு இனேஸ் வந்தாள். இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் பெண்ணை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கிருபா கேட்டாள், எடுத்ததைத் திருப்பி வைக்க உங்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று. இனேஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

ஆபீஸ் பெண் சொன்னாள்: "அவுங்க ஊர்ல அது வெறும் வார்த்ததானாம்க்கா. ஒண்ணும் நடக்காதாம். அவுங்க அப்பாவக் கூட அப்படித்தான் சொல்வாங்களாம். ரொம்ப முரடாம். அவரு செத்த பொறவு எங்கனா அந்த வார்த்தயக் கேட்டா, அவரே வந்து தொட்ட மாதிரி கீதாம். அது பாசமான வார்த்தயும்தான்னு சொல்றாங்க."

அதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கிருபா நினைத்தாள். பாதி வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்து முழு மனுஷன்மேல் கை வைத்ததை நினைத்து, மேசைக்கடியில் கையைக் கையாலேயே கிள்ளிக்கொண்டாள்.

ரூபன் இறந்த நாள் வந்தது. அந்த நாளில் இதுவரை அவள் தனியாகத்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். ஏசுரத்தினம் அன்றைக்கென்று வெளியூர் லோடு பார்த்துப் போய்விடுவார், வழியில் எங்கேயோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததாக ஒரு தரம் யாரோ வந்து சொன்னார்கள். இந்த வருஷம், "தனியாவா போற, நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார். பூக்கூடையை அவரே தூக்கிக்கொண்டார். காலை வெயிலில் கல்லறைமேல் முளைத்திருந்த புல்லை உட்கார்ந்து பிடுங்கினார், பக்கத்துக் கல்லறையிலும் சேர்த்துப் பிடுங்கினார், கல்லைக் கழுவினார், பூவைப் பரப்பினார். முன்பின் தெரியாத வீட்டுத் துக்கத்துக்கு வந்த நல்ல மனுஷன் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் பதவிசாகச் செய்தார். கிருபா ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள், ஏற்றியதும் அவளால் தாங்க முடியவில்லை.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்தார். "யாரு கிருபா இது?"

"எம் புள்ள."

"உனக்கு ஒரு புள்ள இருந்தானா?" என்றார். "இவ்ளோ துக்கத்த வச்சினு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே நீ."

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையாலும் தடவிக்கொடுத்தார். இப்படித் தடவிக்கொடுக்க மாட்டாரா என்று ஏங்கிய வருஷங்களெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன.

"அவன் அப்பா இன்னா ஆனாரு?" என்று கேட்டார்.

"இப்ப இல்ல."

"அவரும் பூட்டாரா? எப்டிப்பட்ட ஆளு?"

"முரடு" என்றாள் கிருபா. "பேரச் சொன்னாக்கூட அடிக்க வருவாரு. புள்ளய அவருதான் ஆத்தப் பாக்க அனுப்புனாரு. அத நெஞ்சுலயே வச்சினு, யாருக்கும் குடுக்காம, எனுக்கும் குடுக்காம, தனியாவே தூக்கினு திரிஞ்சாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஏசுரத்தினம் கல்லறைப் பக்கம் திரும்பினார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி, கன்னத்தில் எங்கேயும் நிற்காமல் ஓடி விழுந்தது.

"பாவம்மே அந்த மனுசன்" என்றார். "புள்ள மேல எவ்ளோ உசுரு வச்சிருந்தா அப்டி ஆயிருப்பாரு." பிறகு கூடைக்குள் கையை விட்டுத் துழாவி, இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து, "அவருக்கும் ஒண்ணு ஏத்திடலாம் கிருபா" என்று மகனுடைய தீயில் அதைப் பற்றவைத்து, பக்கத்திலேயே நட்டு, காற்றில் அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.